பெம் முறையில் சிஎஸ்எஸ் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் எழுதும் விதி எதுவும் இயல்பாகவே பக்கம் முழுவதற்கும் பொருந்தும். முகப்புப் பக்கத்துச் செய்திக் கட்டத்திற்காக ஒருவர் எழுதிய ‘தலைப்பு’ என்ற கிளாஸ் (பக்கத்தின் உறுப்புகளுக்கு இடும் பெயர்), ஆறு மாதம் கழித்து வேறொருவர் சேர்க்கும் விளம்பரப் பெட்டியின் தலைப்பையும் மாற்றிவிடும். இத்தகைய மோதல்களைத் தவிர்க்கவே ரஷ்ய நிறுவனமான யாண்டெக்ஸில் 2005-ஆம் ஆண்டையொட்டி பெம் முறை உருவாகத் தொடங்கியது. பிளாக், எலிமென்ட், மாடிஃபையர் என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. தனித்து நிற்கக்கூடிய பகுதி பிளாக். அதற்குள் மட்டுமே பொருள்படும் உறுப்பு எலிமென்ட். இவ்விரண்டின் தோற்றத்தையோ நிலையையோ மாற்றுவது மாடிஃபையர். கிளாஸ் பெயர்களில் தமிழ் எழுத்துகளையும் உலாவிகள் ஏற்கும் என்பதால் எடுத்துக்காட்டுகளைத் தமிழிலேயே தருகிறேன்: அட்டை (பிளாக்), அட்டை__தலைப்பு (எலிமென்ட்), அட்டை--சிறப்பு (மாடிஃபையர்).

இந்த முறையைக் கைக்கொள்பவர்களில் பலர் அடிக்கோடுகளையும் இணைகோடுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உண்மையான பயனைக் கைவிட்டுவிடுகிறார்கள். பெம் தரும் பெரிய நன்மை எல்லா விதிகளும் ஒரே எடையில் இருப்பதுதான். ஒரு விதி எந்த உறுப்புக்குப் பொருந்தும் என்பதைச் சொல்லும் பகுதி தேர்வி; அதில் உள்ள ஐடி, கிளாஸ், குறி ஆகியவற்றின் எண்ணிக்கையே, அந்த வரிசையில், அதன் எடை. ஒரு கிளாஸை மட்டும் கொண்ட தேர்வியின் எடை 0,1,0. எல்லாத் தேர்விகளும் இந்த எடையிலேயே இருந்தால், எந்த விதி வெல்லும் என்பதை வரிசையே முடிவு செய்யும்; பின்னால் வருவது வெல்லும். கோப்பைப் படித்தாலே விளைவு தெரிந்துவிடும். ஆனால் பக்கப்பட்டியில் மட்டும் தலைப்பு சிறிதாக வேண்டும் என்று யாரோ ‘.பக்கப்பட்டி .அட்டை__தலைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அதன் எடை 0,2,0. பிறகு அதே பக்கப்பட்டியில் ஓர் அட்டைக்கு மட்டும் ‘.அட்டை__தலைப்பு--பெரிய’ என்று மாடிஃபையர் சேர்த்தால், அது கோப்பில் எவ்வளவு கீழே இருந்தாலும் வேலை செய்யாது. அவசரத்தில் அதற்கு, எடையை மீறி விதியை வெல்லச் செய்யும் ‘இம்பார்ட்டன்ட்’ குறியைப் போடுவார்கள். அடுத்த மாதம் அதையும் வெல்ல இன்னொன்று தேவைப்படும். தலைப்பு சிறிதாக வேண்டுமானால் ‘அட்டை--சிறிய’ என்ற மாடிஃபையரை அட்டைக்கே கொடுத்துவிடுவதுதான் சரியான வழி. அந்த மாடிஃபையர் உள்ளிருக்கும் தலைப்பைப் பாதிக்க ‘.அட்டை--சிறிய .அட்டை__தலைப்பு’ என்று எழுத நேரலாம். அது ஏற்கத்தக்க விதிவிலக்கு. ஏனெனில் இரண்டும் ஒரே பிளாக்கின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

அடுத்தது, பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லின் கிளை அமைப்பை அப்படியே பெயரில் ஏற்றுவது. ‘அட்டை__அடிப்பகுதி__விவரம்__தேதி’ போன்ற பெயர்களைப் பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன். வடிவமைப்பாளர் தேதியை அட்டையின் மேற்பகுதிக்கு நகர்த்தச் சொன்ன நாளில் அந்தப் பெயர் பொய்யாகிவிடுகிறது. எலிமென்ட்டுக்குள் எலிமென்ட் என்ற பெயர் பெம் விதிகளில் இல்லவே இல்லை. தேதி எத்தனை அடுக்குக்குள் இருந்தாலும் அதன் பெயர் ‘அட்டை__தேதி’ மட்டுமே.

மாடிஃபையரைத் தனியாக எழுதுவதும் அடிக்கடி நிகழ்கிறது. ‘பொத்தான்--முதன்மை’ என்று மட்டும் கொடுத்தால் நிறம் வரும். உள்ளிடைவெளியும் எழுத்தளவும் வரமாட்டா, ஏனெனில் அவை ‘பொத்தான்’ என்ற அடிப்படைக் கிளாஸில் இருக்கின்றன. ‘--சிவப்பு’ என்று தோற்றத்தால் பெயரிடுவதையும் தவிர்க்கவும். ‘--எச்சரிக்கை’ என்றால் நிறம் மாறினாலும் பெயர் நிலைக்கும். பிளாக்கிற்குள்ளேயே அதன் வெளியிடைவெளியை எழுதினால் அதை வேறு இடத்தில் பயன்படுத்தும்போது இடிக்கும். ஓரிடத்தில் எப்படி அமர வேண்டும் என்பதை அதைத் தாங்கும் பிளாக் தீர்மானிக்கட்டும்.

சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் சாஸ் மொழியைப் பயன்படுத்துவோர், அட்டையின் விதிக்குள் ‘&__தலைப்பு’ என்று சுருக்கி எழுதுகிறார்கள். தட்டச்சு மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் ‘அட்டை__தலைப்பு’ என்ற முழுப் பெயர் மூலக் கோப்பில் எங்கும் இல்லாததால், ஒரு பிழையைத் துரத்தும்போது தேடலில் அது சிக்காது. மேலும், 2023 முதல் உலாவிகளிலேயே கிடைக்கும் உள்ளடுக்கு வசதியில் (ஒரு விதிக்குள் இன்னொன்றை எழுதுவது) இந்த ஒட்டுமுறை செல்லாது. அங்கே அந்த வரி நாம் எதிர்பார்க்கும் கிளாஸைத் தேர்ந்தெடுக்காது. சாஸை விட்டு விலகும் எண்ணம் இருக்கும் குழுக்கள் முழுப் பெயரையே எழுதுவது நல்லது.

பழைய தளம் ஒன்றைப் பகுதி பகுதியாக மாற்றும்போது வேறொரு சிக்கல் எழும். ‘#உள்ளடக்கம் a’ போன்ற பழைய விதியின் எடை 1,0,1. புதிதாக எழுதிய ஒற்றைக் கிளாஸ் எதுவும் அதை வெல்லாது. குழுவினரோ பெம் முறையையே குறை சொல்லத் தொடங்குவார்கள். விதிகளை அடுக்குகளாகப் பிரித்து முன்னுரிமை தரும், 2022-இல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் வந்துவிட்ட லேயர் வசதி இதற்குக் கைகொடுக்கும். பழைய கோப்பு முழுவதையும் ஒரு லேயருக்குள் வைத்து, புதிய விதிகளை லேயருக்கு வெளியே எழுதினால், எடை எதுவாயினும் வெளியே உள்ளவை வெல்லும். பழைய கோப்பில் இருக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ குறிகளை மட்டும் முதலில் களைய வேண்டும், ஏனெனில் அவற்றுக்கு இந்த முன்னுரிமை தலைகீழாக இயங்கும்.

பெம்மின் குறைகளைப் பேசும்போது நீண்ட பெயர்களால் கோப்பு பெரிதாகிவிடும் என்பதையே பலரும் முதலில் சொல்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களை, கோப்பை அனுப்பும்போது சுருக்கும் ஜிஜிப் முறை நன்றாகச் சுருக்கிவிடுவதால் அது பெரிய குறையாக எனக்குத் தோன்றவில்லை. எச்டிஎம்எல்லைப் படிப்பது கண்ணுக்குச் சுமையாகிறது என்பதும், பெயர் தேடுவதிலும் அது பிளாக்கா எலிமென்ட்டா என்று விவாதிப்பதிலும் நேரம் கரைகிறது என்பதும்தான் உண்மையான விலை. ஒருவரே பராமரிக்கும் சிறு தளத்திற்கு அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்தைத் தனித்தனிக் கூறுகளாகக் கட்டும் வியூ, ஸ்வெல்ட் போன்ற கருவிகளில் ஒவ்வொரு கூறின் விதிகளும் அதற்குள்ளேயே அடங்கும் வசதி இருப்பதால் அங்கும் முழு பெம் மிகை. மாடிஃபையர் என்ற எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

பதிப்பு மென்பொருளின் எடிட்டரிலிருந்து வரும் கட்டுரை உடலிலும் இதே கவனம் தேவை. செய்தியாளர் தட்டச்சு செய்யும் பத்திகளும் துணைத்தலைப்புகளும் கிளாஸ் எதுவும் இல்லாத வெறும் குறிகளாகவே வரும். ஒவ்வொன்றுக்கும் கிளாஸ் ஒட்டுவதற்காக நிரல் எழுதுவது வீண் வேலை. ‘கட்டுரை-உடல்’ என்று ஒரே ஒரு பிளாக்கை வைத்து, அதற்குள் ‘.கட்டுரை-உடல் h2’, ‘.கட்டுரை-உடல் p’ என்று குறிகளையே தேர்வியாக எழுதிக்கொள்ளலாம்.