பாங்காக்கில் வேலைக்குச் சேரும் மும்பைத் தமிழர் சட்டத்தையும் அதிகாரத்தையும் எதிர்கொள்வது எப்படி

அந்தேரி சீப்ஸில் உள்ள நகைத் தொழிற்கூடங்களிலிருந்தும் பாந்த்ரா குர்லா வளாகத்து வைரச் சந்தையிலிருந்தும் பாங்காக்கின் சீலோம் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள், வாடகை எவ்வளவு ஆகும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று விசாரித்துவிட்டுப் புறப்படுகிறார்கள். காவலர் நிறுத்தினால் என்ன செய்வது, முதலாளி சம்பளத்தைப் பிடித்துவைத்தால் யாரிடம் போவது, எதைப் பேசக்கூடாது என்று கேட்பவர் மிகக் குறைவு. அந்த ஊரில் சில ஆண்டுகள் கணக்கெழுதிவிட்டு இப்போது சயானில் வசிக்கும் நான், முதலில் கேட்க வேண்டியவை இந்தக் கேள்விகளே என்று உறுதியாக நினைக்கிறேன். தாய்லாந்து வாழ்க்கை வெளியிலிருந்து பார்க்கத் தளர்வானதாகத் தெரியும். ஆனால் அங்கே பல காரியங்கள் சட்டம் இடம் கொடுப்பதால் அல்லாமல், அதிகாரத்தில் உள்ளவர் கண்டுகொள்ளாமல் இருப்பதால் நடக்கின்றன. அவர் கண்டுகொள்ளத் தொடங்கும் நாளில் அயல்நாட்டவர் எளிதில் மாட்டிக்கொள்வார்.

ஆகவே காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் நுழையும் சலுகை 2023 நவம்பரில் தொடங்கியதிலிருந்து, "விசா இல்லாமலே வந்து சேருங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் முகவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிப் போகாதீர்கள். நிறுவனம் அனுப்பும் கடிதங்களை வைத்துப் பணிக்கான 'பி' வகை விசாவை இங்கிருந்தே பெற்று, அங்கு போனதும் வேலை அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகே வேலையில் உட்காருங்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்பவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும் உண்டு. அனுமதிச் சீட்டு இருந்தாலும், தடைசெய்யப்பட்ட பணியைச் செய்வது குற்றமே. அயல்நாட்டவர் செய்யக்கூடாதவை என்று ஒரு பட்டியல் அங்கு உண்டு. சுற்றுலா வழிகாட்டி, முடிதிருத்துபவர் ஆகிய வேலைகளோடு வைரமும் கற்களும் வெட்டிப் பட்டை தீட்டும் வேலையும் அதில் இருக்கிறது. கல் தொழிலை நம்பிப் போகும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேலாளர் என்று அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பட்டறையில் உட்காரவைத்தால், சோதனை நடக்கும் நாளில் பிடிபடுபவர் நீங்கள்தான்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு வழங்கப்படும் ஈ.சி.ஆர். கடவுச்சீட்டு உங்களிடம் இருந்தால், தாய்லாந்தில் வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடியேற்ற அனுமதியும் தேவை. இதை அலைச்சல் என்று எண்ணாதீர்கள். கணினி வேலை என்று பாங்காக்கில் இறக்கி, மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட இந்தியர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் சென்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டு வந்தன. பணி செய்யும் இடம் பாங்காக் என்று சொல்லிவிட்டு எல்லை மாவட்டத்துக்கு வண்டி ஏற்றினால் அங்கேயே இறங்கிவிடுங்கள்.

குடியேறிய பின், நீங்கள் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொடர்ந்து தங்கினால் 90 நாட்களுக்கு ஒருமுறை நீங்கள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். தங்கும் காலம் முடிந்து மீறிய ஒவ்வொரு நாளுக்கும் 500 பாட் அபராதம். மேல் வரம்பு 20,000 பாட். தாமாக விமான நிலையம் போய்க் கட்டுபவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். அதே மீறலோடு தெருவில் பிடிபட்டால், சில நாட்கள் மீறியவருக்கும் ஐந்தாண்டு நுழைவுத் தடை விழும்.

மரியாதை விதிகளை நம்மவர் விரைவில் கற்றுவிடுவார்கள். வயதில் மூத்தவரை வணங்குவதும், பிறர் தலையைத் தொடாதிருப்பதும், புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டாதிருப்பதும், காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது நிற்பதும் நமக்குக் கடினமானவை அல்ல. கடினமானது கோபத்தை அடக்குவது. மும்பையில் நியாயம் கேட்பதென்றால் குரலை உயர்த்தி, நாலு பேரைக் கூட்டி, அந்த இடத்திலேயே முடிவு காண்போம். பல சமயம் அது பலிக்கவும் செய்யும். பாங்காக் அலுவலகத்தில் குரல் உயர்த்திய கணத்திலேயே, உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், வழக்கு தோற்றுப்போகும். மேலதிகாரியைப் பிறர் முன்னால் திருத்தாதீர்கள். தனியே, எழுத்தில், தேதியோடு சொல்லுங்கள். இந்தப் பணிவை அவர்களுடைய பெருந்தன்மை என்று பலர் புகழ்வார்கள். மேலிருப்பவர் தவறு செய்தாலும் கீழிருப்பவர் வாய் திறக்க முடியாமல் போவது இந்தப் பணிவின் விலை என்பதே என் கருத்து.

அந்த விலை நீதிமன்றம் வரை நீள்கிறது. 2012 செப்டம்பரில் சுகும்வித் சாலையில் ஃபெராரி கார் மோதிப் பணியிலிருந்த காவலர் ஒருவர் இறந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ரெட் புல் குடும்பத்து வாரிசான வொராயுத் யூவித்யா. ஆண்டுகள் பல கடந்தன. 2017-இல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2020-இல் அரசு வழக்கறிஞர்கள் குற்றச்சாட்டைக் கைவிட்டபோது மக்கள் கொதித்தெழுந்ததால் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. ஆயினும் அவர் நீதிமன்றத்தில் நின்றதில்லை. மறுபக்கம், அரசரை அவமதிக்கும் ஒலிப்பதிவுகளைப் பகிர்ந்ததற்காக முன்னாள் அரசு ஊழியரான ஒரு பெண்ணுக்கு 2021 ஜனவரியில் 87 ஆண்டுகள் தண்டனை விதித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 2023 தேர்தலில் அதிக இடங்களை வென்ற மூவ் ஃபார்வர்ட் கட்சி, அரசரை அவமதிப்பவரைத் தண்டிக்கும் சட்டத்தைத் திருத்த முனைந்ததற்காகவே 2024 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. தாய்லாந்து மக்கள் அநீதியைப் பொறுத்துக்கொள்பவர்கள் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் கேட்கிறார்கள், கேட்டவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

இதில் அயல்நாட்டவர் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன். குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவுப்படி அரசர், அரசி, பட்டத்து இளவரசர் ஆகியோரை அவதூறு செய்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்பதால் பக்கத்து மேசைக்காரரின் பகையும் வழக்காகலாம். நாட்டுக்கு வெளியே செய்ததும் இந்தப் பிரிவில் அடங்கும். மும்பையில் உட்கார்ந்து தமிழில் பதிவிட்டிருந்தாலும் பாதுகாப்பில்லை. அரசரின் படம் உள்ள பாட் தாளையும் காலால் மிதிக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் ஆர்வத்துக்காகத் தாய்லாந்துச் சக ஊழியரை அரசர் பற்றியோ அரசியல் பற்றியோ பேசத் தூண்டாதீர்கள். ஏதேனும் நேர்ந்தால் உங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடக்கூடும். அவருக்கு வேறு நாடு இல்லை.

தனியாரைக் குறைசொல்வதிலும் நிதானம் தேவை. அவதூறு அங்கே குற்றவியல் வழக்கு. எழுதிப் பரப்பினால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. ஒரு விடுதியைப் பற்றி இணையத்தில் மோசமாக எழுதியதற்காக 2020-இல் ஓர் அமெரிக்கர் கைதானார். கடைக்காரர் ஏமாற்றினால் பேஸ்புக்கில் எழுதாமல் நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் 1166 எண்ணில் புகார் செய்யுங்கள்.

சாலையில் காவலர் நிறுத்திப் பணம் கேட்டால், கைகூப்பி, அபராதச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள். சீட்டுப்படி பின்னர் கட்டலாம். கையில் பணம் திணிப்பது சுலபமாகத் தோன்றும், ஆனால் லஞ்சம் கொடுப்பதும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கைது செய்தால், புரியாத தாய் மொழித் தாளில் கையெழுத்திட மறுத்து, மொழிபெயர்ப்பாளரையும் வழக்கறிஞரையும் சுகும்வித் 23-ஆம் சந்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தகவலையும் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தியாக வேண்டும். கடுமையான குற்றமென்றால், குற்றப்பத்திரிகைக்கு முன்பே, பன்னிரண்டு பன்னிரண்டு நாட்களாக 84 நாட்கள் வரை காவலில் வைக்கலாம். ஒப்புக்கொண்டால் தண்டனை பாதியாகும் என்ற ஆசை அந்த நாட்களில் பெரிதாகத் தெரியும். செய்யாத குற்றத்தை அந்த ஆசைக்காக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள், தெருவெங்கும் கடைகள் முளைத்தன. 2025-இல் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பக் கட்டுப்படுத்தினார்கள். நம் நாட்டில் அது குற்றமே. பாங்காக்கிலிருந்து மும்பைக்கு வரும் பயணிகளிடம் சுங்கத்துறை அடிக்கடி கஞ்சாவைப் பிடிக்கிறது. எவ்வளவு பழகியவர் கொடுத்தாலும் பிறர் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

கடைசியாக, சம்பளத் தகராறு. இதில் சட்டம் தொழிலாளிக்கு உண்மையாகவே துணைநிற்கிறது. 1998-ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறு எதுவும் செய்யாதவரை வேலையை விட்டு நீக்கினால், 120 நாட்கள் பணியாற்றியவருக்கு 30 நாள் ஊதியமும், ஓராண்டு நிறைந்தவருக்கு 90 நாள் ஊதியமும், மூன்றாண்டு நிறைந்தவருக்கு 180 நாள் ஊதியமும் இழப்பீடாகத் தர வேண்டும். இது அயல்நாட்டவருக்கும் பொருந்தும். தொழிலாளர் நீதிமன்றத்தில் கட்டணம் கிடையாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் தங்கும் அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை முடியும் நாளில் அதுவும் முடிந்துவிடும், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வழக்கை நடத்த ஆளிருக்காது என்பது முதலாளிகளுக்குத் தெரியும். ஆகவே சம்பளம் முதல் மாதம் தவறும்போதே ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்களை மும்பையில் வீட்டாருக்கு அனுப்பிவையுங்கள். வேலையில் இருக்கும்போதே தொழிலாளர் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகாரைப் பதியுங்கள். நாட்டை விட்டுக் கிளம்புமுன் அங்குள்ள ஒரு வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்து, புகாரின் முத்திரையிட்ட நகலைக் கையோடு வாங்கிவாருங்கள்.