பஞ்சு பறக்கும் ஊரில் ஒரு கணினி: விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் முதல் முறையாக அசெம்பிள் செய்வோருக்கு

திருப்பூர், பல்லடம், ஈரோடு, கரூர் என்று நூலோடு வாழும் நம் ஊர்களில் முதல் டெஸ்க்டாப்புக்காகப் பணம் சேர்க்கும் இளைஞர்கள் பலருக்கு இரண்டு தேவைகள் சேர்ந்தே இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் விளையாட வேண்டும்; அதே கணினியில் பனியன் பிரிண்டுக்கான டிசைனோ, படுக்கை விரிப்புக்கான பூவேலையோ, மனத்துக்குப் பிடித்த ஓவியமோ வரையவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கணினி தாராளமாகப் போதும். பணத்தை எதில் முதலில் போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டில் கொட்டிவிட்டு, மானிட்டர், ராம் (வேலை நடக்கும்போது தகவலை ஏந்தி நிற்கும் நினைவகம்), எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மூன்றையும் மிச்சம் மீதியில் வாங்குகிறார்கள். வரைகிறவருக்கு, அதுவும் நம் ஊர்க் கரண்டிலும் பஞ்சிலும் கணினியை வைத்திருக்கப் போகிறவருக்கு, இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மானிட்டரில் தொடங்குங்கள்

கண் பார்க்கும் நிறம் தவறாக இருந்தால் கை போடும் நிறமும் தவறும். ஐபிஎஸ் வகைத் திரையையே தேர்ந்தெடுங்கள். மலிவான டிஎன் திரையில் தலையைச் சற்று அசைத்தாலே நிறம் மாறித் தெரியும். எஸ்ஆர்ஜிபி நிற அளவில் ஏறக்குறைய 100 சதவீதத்தைக் காட்டுவதாகப் பெட்டியில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். 24 அங்குலத்தில் 1080 அல்லது 27 அங்குலத்தில் 1440 தெளிவு, 144 ஹெர்ட்ஸ் வேகம் என்று அமைந்தால் இரண்டு வேலைக்கும் பொருந்தும். மானிட்டரை முடிவு செய்த பிறகுதான் கிராபிக்ஸ் கார்டின் அளவே தெரியவரும். 1440 திரைக்கு 1080 திரையைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு புள்ளிகளை அந்தக் கார்டு வரைந்து தள்ள வேண்டியிருக்கும்.

ராமுக்கு ஒரு கணக்கு

ஒரு பனியனின் மார்புப் பக்கத்துக்கு 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் உள்ள டிசைன் வரைவதாக வைத்துக்கொள்வோம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 3600 பெருக்கல் 4800, அதாவது 1 கோடியே 72 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள். சாதாரண 8 பிட் படத்தில் புள்ளி ஒன்றுக்கு 4 பைட் என்பதால், முழுதும் வண்ணம் நிரம்பிய ஒரே ஒரு லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் படத் தாள்) ஏறக்குறைய 69 எம்பி எடுத்துக்கொள்கிறது. கோடு தனியாக, நிழல் தனியாக, ஒவ்வொரு நிறமும் தனியாக என்று 40 லேயர் போட்டால் 2.7 ஜிபியைத் தாண்டிவிடும். பின்னோக்கிச் செல்வதற்காக மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ளும் படிகள், பக்கத்தில் திறந்திருக்கும் மாதிரிப் படங்கள், விண்டோஸ் ஆகியவை இதன் மேல் சேரும். 16 ஜிபியில் தொடங்கலாம். ஆனால் பெரிய டிசைன் வரைகிறவர்கள் 32 ஜிபி போடுவதே நிம்மதி.

16 ஜிபி குச்சி ஒன்றைத் தனியாக வாங்காமல், இரண்டு குச்சிகள் சேர்ந்த ஜோடியாக வாங்குங்கள். இரண்டும் ஒன்றாக ஓடும்போதுதான் முழு வேகம் கிடைக்கும். பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் டிடிஆர்5 ராமில் நல்ல திட்டமன்று. நான்கு குச்சிகள் போட்டால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும்.

ப்ராசஸர், மதர்போர்டு, கார்டு

ஏஎம்டி ரைசன் 5 7600 முதல் முறையாக அசெம்பிள் செய்கிறவருக்குப் பொருத்தமானது. அதில் 6 கோர்கள் உள்ளன, கூலரும் பெட்டியோடு வருகிறது, சிறிய கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. கடைசியாகச் சொன்னது பெரிய வசதி. பணம் போதவில்லை என்றால் கார்டே இல்லாமல் கணினியை ஓட்டி, கிரிட்டா போன்ற இலவச மென்பொருளில் வரையத் தொடங்கிவிட்டு, கார்டைச் சில மாதம் கழித்து வாங்கலாம். தட்டையான ஓவியத்துக்கு வலுவான கார்டு தேவையில்லை. அங்கே ப்ராசஸரும் ராமும்தான் உழைக்கின்றன. இன்டெல்லில் 12400எஃப் போல எஃப் என்று முடியும் ப்ராசஸர்களில் இந்த உள் கிராபிக்ஸ் கிடையாது என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

மதர்போர்டில் ரைசன் 7600 உட்காரும் இடமான ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையும் அதிலேயே உட்காரும் என்பதால், பிற்காலத்தில் ப்ராசஸரை மட்டும் மாற்ற வழியிருக்கிறது. இந்தச் சாக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். சேமிப்புக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி போதும்.

கார்டைப் பொறுத்தவரை, 1080 திரையில் விளையாட ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 8 ஜிபி கார்டு போதுமானது. அது இழுக்கும் மின்சாரமும் 115 வாட்தான். பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண வேலை செய்யும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. அங்கே காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் வேகம் கிடைக்கும் என்பதால், 2021இல் வந்த பழைய ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி இன்றும் உதவக்கூடியது.

எஸ்எம்பிஎஸ், எர்த், யூபிஎஸ்

என் முதல் கணினியில் கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ், ஒரு கோடை மாலையில் கரண்டு போய்த் திரும்பி வந்த நொடியில் கருகியது. மதர்போர்டையும் அது உடன் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து நான் யாருக்கு அசெம்பிள் செய்து கொடுத்தாலும் இந்த ஒரு பொருளில் மட்டும் விலை குறைக்க ஒப்புக்கொள்வதில்லை. மேலே சொன்ன பாகங்களுக்கு 550 வாட் போதும். 650 வாட் எடுத்தால் பிற்காலக் கார்டுக்கும் இடமிருக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்றும், குறைந்தது 3 ஆண்டு வாரண்டியும் உள்ளதாகப் பாருங்கள். கோவை காந்திபுரத்துக் கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

பொருளைப் போலவே வீட்டு வயரிங்கும் முக்கியம். பக்கத்தில் தறியோ கிணற்று மோட்டாரோ ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் ஒரு நொடி சரியும் வீடுகள் நம்மிடம் ஏராளம். எலக்ட்ரீஷியனை அழைத்து, கணினிக்கான பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 வோல்ட் காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டோடு நிற்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும்; பென் டேப்லெட்டில் (பேனாவால் வரையும் பலகையில்) இழுக்கும் கோடு காரணம் தெரியாமல் நடுங்குவதற்கும் அது காரணமாகலாம். யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை மட்டும் பார்க்காமல் வாட் எண்ணையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருப்பவை பொதுவாக 360 வாட் மட்டுமே தருவதால், விளையாடும் கணினிக்கு 600 வாட் தரும் 1000 விஏ வகையே பாதுகாப்பு.

கேபினெட்டும் தறிப் பஞ்சும்

பல்லடம் பக்கம் உறவினர் வீட்டில், தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் இருந்த கணினி விளையாட்டின் நடுவே அணைந்துகொண்டே இருந்தது. வைரஸாக இருக்கும் என்று வீட்டார் நினைத்திருந்தார்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, கூலரின் மேலிருந்த விசிறியைக் கழற்றினேன். அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தைத் துண்டைப் போலப் படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது கிழியாமல் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. “இது நம்ம தறிப் பஞ்சுதான் கண்ணு” என்று மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். காற்று போக வழியில்லாமல் சூடு ஏறி, ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளவே அணைந்திருக்கிறது. சுத்தம் செய்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

ஆகவே முன்பக்கம் வலையும், கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டரும் உள்ள கேபினெட்டை வாங்குங்கள். காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள் இரண்டும் வெளியே தள்ளுவது ஒன்றும் இருந்தால், உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். இடுக்குகள் வழியாகப் பஞ்சு நுழையாமல், வரும் காற்றில் பெரும்பகுதி ஃபில்டர் வழியாகவே வரும். கணினியைத் தரையில் வைக்காதீர்கள்.

அசெம்பிள் செய்யும் முறை

விசிறியின் காற்று படாத மேசையும் ஒரு ஸ்டார் திருப்புளியும் போதும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கையால் ஒரு வெற்று உலோகத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிடுங்கள்.

மதர்போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, ப்ராசஸரின் மூலையில் உள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். ஏஎம்5இல் ஊசிகள் மதர்போர்டில் இருப்பதால் சாக்கெட்டுக்குள் விரல் படவே கூடாது. நெம்புகோலை இறக்க ஓரளவு பலம் வேண்டியிருக்கும். மேலிருக்கும் கறுப்பு மூடி தானாகக் கழன்று வரும், பயப்பட வேண்டாம்.

நான்கு ராம் இடங்கள் இருந்தால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் குச்சிகளைப் போட்டு, கிளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்கவைத்துத் திருகுங்கள். அதன் மேல் வரும் உலோக மூடியின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்தால் சூடு இறங்காது. ரைசனோடு வரும் கூலரின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும். அதன் நான்கு ஸ்க்ரூக்களையும் மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கி, விசிறி வயரைச் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகுங்கள்.

பிறகு போர்டைக் கேபினெட்டுக்குள் இறக்கித் திருகி, எஸ்எம்பிஎஸ்ஸைப் பொருத்தி, 24 பின் வயரையும் ப்ராசஸருக்கான 8 பின் வயரையும் இணையுங்கள். கார்டுக்கான 8 பின் வயரும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் மின்னிணைப்பு வேறு; வயரின் முனையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே செருகுங்கள், நுழையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். கடைசியாகக் கார்டை மேலிருக்கும் நீள இடத்தில் செருகுங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் அல்லாமல் கார்டிலேயே இணைக்க வேண்டும். அதில் தவறியவர்கள் வாங்கிய கார்டைப் பயன்படுத்தாமலேயே விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது

ஏஎம்5 போர்டுகள் முதல் முறை ராமைச் சோதித்துப் பழகச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் ஆஃப் செய்துவிடாதீர்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரைக்குள்) சென்று எக்ஸ்போ என்ற வசதியை ஆன் செய்யுங்கள்; இல்லையென்றால் 6000 வேக ராம் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும். விண்டோஸ் ஏற்றிய பிறகு, டிஸ்பிளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். தானாக அது 60இலேயே நின்றிருக்கக்கூடும்.

வரைவதற்கு, திரை இல்லாத சாதாரண பென் டேப்லெட்டே தொடக்கத்துக்குப் போதும். வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவர் முன்பே இருந்தால், அதை முழுதாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். பேனாவின் அழுத்தம் கிரிட்டாவில் பதியவில்லை என்றால், அதன் அமைப்புகளில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டில் மற்றொன்றுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தறியோ பனியன் கம்பெனியோ அருகில் இருக்கும் வீடு என்றால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியை வாசலுக்கு எடுத்துச் சென்று ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறிகளின் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ப்ளோயர் காற்றில் அளவுக்கு மீறிச் சுழன்றால் விசிறியின் பேரிங் கெட்டுவிடும்.