தை, மாசி வயலில் பறவை பார்ப்போர் செய்யும் தவறுகள்

தை பிறந்துவிட்டால் வியாசர்பாடி, மாதவரம் பையன்கள் பைனாகுலரோடு செங்குன்றம் தாண்டி சோழவரம், மீஞ்சூர் வயல்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பழைய ஆட்கள் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். சீக்கிரம் எழுந்திருங்கள், சத்தம் போடாதீர்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படத்துக்காகக் கிளப்பிவிடுவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. நவரைப் பட்ட நெல் நடவுக்குச் சேறடித்த வயலில் பொரி உள்ளான் பறவைகள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய லென்ஸ் வைத்திருந்த தம்பிக்குப் பறக்கிற படம் வேண்டுமாம். நண்பனிடம் கண்ணைக் காட்ட, அவன் ஒரு மண்ணாங்கட்டியை விட்டெறிந்தான். படம் மங்கல். பறவைகள் போனது போனதுதான். நிலத்துக்காரர் வந்து, "இனிமே கேமராவோட யாரும் இந்தப் பக்கம் வராதீங்க" என்றார். வருஷக்கணக்காகச் சம்பாதித்த பழக்கம் அன்றோடு முடிந்தது.

பொரி உள்ளான் பங்குனி, சித்திரையில் வடக்கே கிளம்பி சைபீரியா வரைகூடப் போகும். அதற்கு முன் புழு பூச்சி தின்று உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தீனி நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. நீங்கள் ஒருவர்தானா? பின்னாலேயே நாலு பேர் வருகிறார்கள்.

பறக்கிற படம்தானே வேண்டும்? வரப்போரம் உட்காருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து வயலைத் தாழ்வாகச் சுற்றிக்கொண்டு வரும். மொத்தக் கூட்டமும் தானாக எழும்பும். டிராக்டர் ஓடினால் இன்னும் வசதி. அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் பயமில்லாமல் வரும். நிமிர்ந்து நடந்து வரும் மனிதனைக் கண்டால்தான் அவற்றுக்கு ஆகாது.

மொபைலில் குரல் போட்டு அழைப்பது

வேண்டாம்.

புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுக் குழம்புவது

மஞ்சள் வாலாட்டி இந்த மாதங்களில்தான் இறகு மாற்றும். ஒன்று சாம்பலாக, ஒன்று திட்டுத் திட்டாக, ஒன்று பளிச்சென்ற மஞ்சளாக நிற்கும். புதியவர்கள் மூன்று இனம் என்று எழுதிக்கொள்கிறார்கள். கொக்கிலும் இதே கதை. குட்டையான மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்தும் இருந்தால் உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் இருந்தால் சின்னக்கொக்கு. பாதம் சேற்றில் புதைந்திருக்கும், அதனால் அலகை முதலில் பாருங்கள்.

ஈர வரப்பில் கும்பலாக நடப்பது

வரப்பு உடைந்தால் திட்டு உங்களுக்கு, கட்டுகிற வேலை நிலத்துக்காரருக்கு.