இரண்டு பட்டியல் போடாதீர்கள்: தகப்பனை இழந்த வீட்டுக்குக் கைகொடுக்கும் முறை

தகப்பனை இழந்த வீடுகளுக்கு உதவும் எங்கள் குழுவில் ஒன்பது பேர். சிலர் பணம் திரட்டுவார்கள், சிலர் ஊர் ஊராகப் போவார்கள். நான் கணக்கு நோட்டு எழுதுகிறவன். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி, அந்த நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் நான் குறித்துவைத்த தவறுகள்தான். கிராமத்தில் இப்படி ஒரு உதவியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அவை பயன்படலாம்.

முதல் தவறு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அனாதைக் குழந்தைகள் என்று ஒரு பட்டியல், விதவைகள் என்று இன்னொரு பட்டியல். குழந்தைகளுக்கு உடுப்பும் நோட்டுப் புத்தகமும்; பெண்களுக்கு மளிகையும் போர்வையும். மூன்றாவது மாதம் முகவரிகளைச் சரிபார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு பட்டியலிலும் பாதிக்கு மேல் ஒரே வீடுகள்! ஒரே வாசலுக்கு இரண்டு நாள், இரண்டு வண்டியில், இரண்டு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒருவர் பையனை விசாரித்தார், மற்றவர் அம்மாவை விசாரித்தார். வீட்டை யாரும் விசாரிக்கவில்லை.

பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையையும் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் அனாதைக் கணக்கில்தான் சேர்க்கிறது. 2015 கணக்குப்படி உலகில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 14 கோடி. அதில் தாய், தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் ஏறக்குறைய 1.5 கோடி. மற்றவர்களுக்கெல்லாம் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அதனால் நோட்டில் ஆளுக்கு ஒரு வரி எழுதாதீர்கள், வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே வீட்டை நடத்துகிறவர் பெயர், கீழே பிள்ளைகள், வயது, வகுப்பு, வீட்டில் இருக்கும் முதியவர்கள், கடன் எவ்வளவு, யாரிடம். அந்த ஒரு பக்கம் நிரம்பாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, பணம் தருகிறவர்கள் கட்டாயம் கேட்கப்போகும் ஒரு கேள்வி: “ஒரு விடுதி கட்டி எல்லாப் பிள்ளைகளையும் அங்கே வைத்துக்கொள்ளலாமே?” கட்டடம் என்றால் கல்வெட்டில் பெயர் வரும், வந்து பார்க்கலாம். ஆசை புரிகிறது. ஆனால் என் பதில் எப்போதும் இல்லை என்பதுதான். ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள், மறுபாதி வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தது. குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், பெரியவர்களிடம் ஒட்டிக்கொள்வதிலும் முன்னே போனார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஏழ்மை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றவரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டி நெறிகளும் சொல்கின்றன. விடுதியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டு, அதே தொகை தாயின் கையில் மாதாமாதம் போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும், பெரும்பாலும்.

இருவரையும் இழந்த பிள்ளைகள் பாட்டியிடமோ சித்தியிடமோ இருப்பார்கள். அங்கே உதவி வளர்க்கிறவர் பெயரில் போகட்டும், ஆனால் கண் பிள்ளைமேல் இருக்கட்டும். அண்ணன் தங்கையைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டில் விட்டிருக்கிறார்களா, அந்தப் பிள்ளை மட்டும் பள்ளிக்குப் போகாமல் வீட்டு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டை ஆசிரியரிடம் கேட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

யாருக்கு உதவுவது என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஊர்த் தலைவரிடம் பட்டியல் கேட்காதீர்கள், கேட்டால் அவருக்கு வேண்டியவர்கள் வருவார்கள். கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய ஒரு முறை இருக்கிறது. ஊர்க்காரர்களையே தரையில் ஊர்ப்படம் வரையச் சொல்வது. குச்சியால் தெருவைக் கீறி, வீட்டுக்கு ஒரு கல் வைத்து, எந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இல்லை என்று அவர்களே காட்டுவார்கள். ஆண்களிடம் ஒரு தடவை, பெண்களிடம் தனியாக ஒரு தடவை செய்யுங்கள். ஒரு முறை ஆண்கள் வரைந்த படத்தில் ஊர்க் கோடியில் ஒன்றுமே இல்லை. பெண்கள் வரைந்ததில் அதே இடத்தில் மூன்று கற்கள். “அவங்க எங்க கூட்டத்துக்கு வரப்போறாங்க சார்” என்றார் கல்லை வைத்த பெண். எங்கள் நோட்டில் இன்றுவரை மிக மோசமான நிலையில் இருந்த வீடுகள் அந்த மூன்றுதான்.

அப்புறம் ஒன்று. நோட்டில் விதவை என்று எழுதினாலும் நேரில் அந்தச் சொல் வாயில் வரக் கூடாது. பெயர் இருக்கிறது, அக்கா இருக்கிறது, அம்மா இருக்கிறது.

சரி, முதல் சந்திப்பு. எதையும் கையில் எடுத்துப் போகாதீர்கள். பொட்டலத்தோடு போனால் பேச்சு முழுக்கப் பொட்டலத்தைச் சுற்றித்தான். வெறுங்கையோடு போய், “வீட்டில் காகிதமெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். நான் பார்த்த முதல் வீட்டில் கூரை இடுக்கிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே கணவரின் அடையாள அட்டையில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து மாறிய பெயர், நிலப் பத்திரத்தில் அவருடைய தாத்தா பெயர். பிள்ளைகள் இருவரில் இளையவளுக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. ஒரு எழுத்துப் பிழையால் அந்த வீட்டுக்கு உரிய அரசு உதவித்தொகை வருடக்கணக்கில் வராமல் கிடந்தது. திருத்தி வாங்க ஆறு மாதம் ஆனது, ஏழு தடவை அலைந்தோம். நாங்கள் அதுவரை கொடுத்த மளிகை மொத்தத்தையும்விட அந்தத் திருத்தம் அவர்களுக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

ஆகவே வரிசை இது: இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தாயின் பெயரில் வங்கிக் கணக்கு, அதன்பிறகு நில உரிமை. இந்தக் கடைசி விஷயத்தில்தான் சொந்தக்காரர்கள் குறுக்கே வருவார்கள். கணவர் இறந்த சில வாரங்களில் மைத்துனரோ பங்காளியோ ஒரு காகிதத்தை நீட்டி, “சும்மா ஒரு கையெழுத்து” என்பது பல நாடுகளில் நடக்கிற கதை. படித்துக் காட்ட ஆள் வரும்வரை எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இலவச சட்ட உதவி தரும் வழக்கறிஞர் ஒருவரின் எண்ணை உங்கள் நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

பணமா பொருளா என்றால், பணம். மாதாமாதம், ஒரே தேதியில், சிறிய தொகை. பண்டிகைக்கு ஒரு தடவை பெரிய பையாகக் கொடுப்பது கொடுக்கிறவருக்கு இனிக்கும். வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது அடுத்த மாதமும் வரும் என்ற நம்பிக்கை; அது இருந்தால்தான் கந்துவட்டிக்குப் போகாமல் இருப்பார். இதில் நாங்கள் ஒரு பெரும்பிழை செய்தோம். பணம் தந்துகொண்டிருந்த ஒருவர் மூன்றாம் வருடம் திடீரென்று நிறுத்திவிட்டார். நான்கு பிள்ளைகளின் படிப்புச் செலவு நடுவில் தொங்கியது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த பெண் பள்ளியை விட்டாள், திரும்பி வரவே இல்லை. அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை. அன்றிலிருந்து, ஒரு வீட்டுக்கு ஒரு வருடத் தொகை முழுசாகக் கையில் இல்லாமல் புதிய பக்கம் திறப்பதில்லை. பத்து வீட்டுக்கு ஆறு மாதம் கொடுப்பதைவிட ஐந்து வீட்டுக்கு ஒரு வருடம் கொடுங்கள்.

பிழைப்புக்கு வழி செய்யும்போது தையல் இயந்திரத்தில் போய் நிற்காதீர்கள். எல்லோரும் தருகிற பொருள் அது, ஏனென்று எனக்கு விளங்கவே இல்லை. நாங்களும் ஒரே ஊரில் ஆறு கொடுத்தோம். அடுத்த வருடம் போனால் ஒன்றின்மேல் துணி மூட்டை, அதன்மேல் கோழி. “தைக்கத் தெரியும் சார், தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை” என்றார் அந்த அக்கா. பின்னே என்ன வேண்டும் என்று அன்றைக்குத்தான், ஒரு வருடம் கழித்து, கேட்டேன். தராசு என்றார். காய்கறி வாங்கி விற்கிறவர், தினமும் தராசை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். லாபத்தில் ஒரு பங்கு அதற்கே போனது. தையல் இயந்திர விலையில் ஒரு சிறு துண்டுதான் அந்தத் தராசு.

அதற்காகப் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தாலும் நடக்காது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு மிக ஏழைக் குடும்பங்களுக்காக 2002-இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆடு, மாடு போன்ற ஒரு சொத்து, அதை விற்றுவிடாமல் இருக்கச் சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வாரந்தோறும் வீட்டுக்கு வரும் ஓர் ஆள், எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு வருடம். இதே மாதிரியை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த முடிவு 2015-இல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்களின் செலவழிக்கும் திறனும் சொத்தும் கூடியே இருந்தன. எங்களால் வாரம் ஒரு முறை முடியவில்லை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போகிறோம். ஆடு நோயில் விழுந்தால் பத்து நாள் கழித்துத் தெரிந்து என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லைதான். அதனால் கால்நடை மருத்துவர் எண்ணையும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதிவிட்டோம்.

ஐந்தாறு வீடுகள் நிமிர்ந்ததும் சேமிப்புக் குழு. கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1991-இல் தொடங்கிய முறையைப் பார்த்துத்தான் செய்தோம். பதினைந்து முதல் இருபத்தைந்து பேர், ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம். பெட்டி நான்காவது ஆளிடம். எல்லோர் முன்னிலும் எண்ணி, எல்லோர் முன்னிலும் பூட்டுவார்கள். வருடக் கடைசியில் பங்கு பிரிப்பார்கள். எழுதத் தெரியாதவருக்கும் கணக்கு கண்ணில் தெரியும். நம் பணத்தை அந்தப் பெட்டியில் போடக் கூடாது, சாவியையும் நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. கணக்கு எழுதியே பழகிய எனக்கு இது கொஞ்சம் கை அரித்தது.

புகைப்படம் பற்றி. ஒரு பையனுக்குக் காலணி கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்து, வருடாந்திர மலரில் போட்டோம். மலர் ஒன்று அவன் பள்ளிக்கும் போனது. “தர்மச் செருப்பு” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் வெறுங்காலோடு பள்ளிக்குப் போனான், புதுக் காலணி வீட்டில் இருந்தது. இப்போது முகம் தெரியும் படம் எடுப்பதில்லை, பணம் தருகிறவர் கேட்டாலும் கணக்குப் பக்கத்தின் நகல்தான், அதுவும் பெயரை மறைத்து. ஜூன் 23, கணவரை இழந்த பெண்களுக்காக ஐ.நா. 2010-இல் அறிவித்த நாள். அன்றைக்குப் படம் எடுக்கவென்றே சிலர் வருவார்கள். அவர்களையும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, சங்கடமான விஷயம். தனியாக இருக்கும் பெண்ணிடம் உதவியைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. 2002-இல் மேற்கு ஆப்பிரிக்க அகதி முகாம்களில், உதவிப் பொருளுக்குப் பதிலாகப் பெண்களையும் சிறுமிகளையும் பயன்படுத்திக்கொண்ட உதவிப் பணியாளர்கள் பற்றிய அறிக்கை வெளிவந்தது. நம் ஆட்கள் நல்லவர்கள் என்று எல்லாக் குழுவும்தான் நினைக்கும். யாரும் தனியாக ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது, இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், பொழுது சாய்ந்த பின் போகவே கூடாது. போகிற ஆளைப் பற்றியே புகார் சொல்ல, அவருக்குத் தெரியாத ஒரு எண் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த எண்ணில் இதுவரை இரண்டு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று தொகை குறைந்தது பற்றி, அது என் கணக்குப் பிழை. இரண்டாவது அழைப்புக்குப் பிறகு எங்கள் குழு பத்திலிருந்து ஒன்பது பேர் ஆனது.