வாடகை குறைவு என்று ஊர் மாறும் தம்பதிகள் செய்யும் தவறுகள்

பெருநகர வாடகை தாங்காமல் சின்ன ஊர் தேடும் இளம் தம்பதிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் வாடகை, அடுத்து வீட்டின் படங்கள், அதற்கடுத்து ஊரின் அமைதி. வேலை, ஆஸ்பத்திரி, போக்குவரத்து எல்லாம் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கடைசிக்குப் போய்விடுகின்றன. குடியேறி ஓராண்டுக்குள் திணறுகிறவர்களிடம் பேசிப் பார்த்தால், அந்தக் கடைசி மூன்றில் ஒன்றில்தான் சிக்கியிருப்பார்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவற்றை இங்கே தொடவில்லை.

ஒருவர் வேலையை வைத்து ஊரை முடிவு செய்வது

பணம் அதிகம் போவது இதில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

"அவருக்கு அங்கே வேலை உறுதியாகிவிட்டது, எனக்குப் போனபிறகு ஏதாவது அமையும்." இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டாலும் எரிச்சல் குறைவதில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் காரணம்.

கணக்கு இதுதான். நகரத்தில் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 55, மற்றவருக்கு 45. வாடகைக்கு 35, போக்குவரத்துக்கு 6. சின்ன ஊரில் வாடகை 17 ஆகிறது. 18 பங்கு மிச்சம் என்று மனசு துள்ளும். ஆனால் அங்கே பஸ் வசதி குறைவு, இருவரும் ஆளுக்கொரு வண்டி வைத்துக்கொள்ள வேண்டும். போக்குவரத்து 6இலிருந்து 13 ஆகிறது. உண்மையான மிச்சம் 11தான்.

இந்த 11தான் நீங்கள் குறித்துவைக்க வேண்டிய எண். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 11 பங்குக்கு மேல் குறைந்தால், ஊர் மாறியது நஷ்டம். இப்போது இரண்டாமவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருக்கிறார் என்று பாருங்கள். மாதம் 45 போகிறது, 11 மிஞ்சுகிறது. ஆக மாதம் 34, ஆறு மாதத்தில் 204 பங்கு இழப்பு. அதன்பிறகு பழைய சம்பளத்துக்கே வேலை கிடைத்தாலும், மாதம் 11 வீதம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பதினெட்டு மாதத்துக்கு மேல் ஆகும். சம்பளம் 45க்குப் பதில் 30 என்றால் நிரப்பவே முடியாது. மாதாமாதம் 4 பங்கு கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். விகிதம் மாறும், வழிமுறை மாறாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. குடும்பத்துக்காக இடம் மாறி, தன் வேலையில் இழப்பைச் சந்திக்கும் துணையைப் பற்றிப் பொருளியலாளர் ஜேக்கப் மின்சர் 1978லேயே விரிவாக எழுதினார். குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபமாகத் தெரியும் இடமாற்றம் ஒருவருக்குத் தனியாக நஷ்டமாக இருக்கலாம் என்பது அவர் காட்டிய கணக்கு. 2000ஆம் ஆண்டில் பொருளியலாளர்கள் டோரா காஸ்டாவும் மாத்யூ கானும் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, இருவருமே பட்டதாரிகளாக இருக்கும் தம்பதிகள் பெருநகரங்களில் குவிவதற்கு, ஒரே இடத்தில் இரண்டு வேலை தேட வேண்டிய நெருக்கடியை முக்கியக் காரணமாக முன்வைத்தார்கள். பெருநகரத்தில் ஒரு வேலை போனால் அதே வீட்டில் இருந்துகொண்டே அடுத்ததைத் தேடலாம். சின்ன ஊரில் பல துறைகளுக்கு அந்த வசதி இல்லை. குறைந்த வாடகையின் ஒரு பகுதி அந்த வசதியை இழப்பதற்கான ஈடு.

அதனால் தேடலைத் தலைகீழாக நடத்துங்கள். இருவரில் யாருக்கு வேலை கிடைப்பது கடினமோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். சம்பளம் குறைவானவர் என்று சொல்லவில்லை, வேலை கிடைப்பது கடினமானவர் என்கிறோம். செவிலியருக்குப் பல ஊர்களில் இடம் இருக்கும். அவரைவிட அதிகம் சம்பாதிக்கும் ஆய்வக விஞ்ஞானிக்கு இருக்காது. அவருடைய வேலைக்கு, பார்க்கும் வீட்டிலிருந்து 45 நிமிடப் பயணத்துக்குள் எத்தனை முதலாளிகள் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள். எட்டு வாரம் தொடர்ந்து வேலை விளம்பரங்களைப் பாருங்கள். விளம்பரங்களை எண்ணாதீர்கள், முதலாளிகளை எண்ணுங்கள். ஒரே இடம் ஒரே பதவிக்குத் திரும்பத் திரும்ப விளம்பரம் கொடுத்தால், அங்கே ஆள் நிற்பதில்லை என்ற சந்தேகம் வர வேண்டும். எட்டு வாரத்தில் மூன்று வெவ்வேறு முதலாளிகள்கூடத் தேறவில்லை என்றால், அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்கள் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. மாநிலமோ நாடோ மாறும்போது உரிமம் செல்லுமா, புதிதாகப் பதிய வேண்டுமா, எத்தனை மாதம் ஆகும் என்பதை மூட்டை கட்டுவதற்கு முன்பே கேட்டறியுங்கள். அந்தக் காத்திருப்பு மாதங்களும் மேலே சொன்ன 204இல் சேரும்.

"எனக்கு வீட்டிலிருந்தே வேலை, ஊர் எதுவானால் என்ன?" என்பவர்கள் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். ஊர் மாறினால் சம்பளம் மாறுமா? வாரத்தில் சில நாள் அலுவலகம் வரச் சொல்லும் உரிமை நிறுவனத்துக்கு உண்டா? உண்டு என்றால் எவ்வளவு முன்னறிவிப்பு? மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்ன உறுதி, அவர் பதவி மாறும் நாளோடு முடிந்துவிடும்.

கடைசியாக, இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தால் அது அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு. ஒரே ஆலை, ஒரே சுரங்கம், ஒரே பல்கலைக்கழகத்தை நம்பி நிற்கும் ஊரில் ஆபத்து மூன்று மடங்கு. 1977 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் யங்ஸ்டவுனில் ஓர் எஃகு நிறுவனம் தன் ஆலையின் பெரும்பகுதியை மூடுவதாக அறிவித்தது. சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. இப்படி ஓர் அடி விழும்போது இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கும். சொந்த வீடு இருந்தால் அதன் விலையும் சரியும், ஏனென்றால் அதே ஊரில் இன்னும் பலர் விற்கத்தான் பார்ப்பார்கள்.

ஏன் மலிவு என்று கேட்காமல் விடுவது

ஓர் ஊரில் வீடு மலிவாக இருக்க இரண்டு நேரெதிர் காரணங்கள் உண்டு. நிலம் தாராளமாக இருக்கிறது, கட்டுவது சுலபம் என்பது ஒன்று. ஆட்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. விலைப் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. பொருளியலாளர்கள் எட்வர்ட் கிளேசரும் ஜோசப் ஜியோர்கோவும் 2005இல் விளக்கியது போல, ஆட்கள் போனாலும் கட்டிய வீடு அழிவதில்லை. பல பத்தாண்டுகள் நிற்கும். அதனால் தேயும் ஊரில் வீட்டின் விலை, அதைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவைவிடக் கீழே இறங்கிவிடும். உள்ளூர்க் கட்டட மேஸ்திரி ஒருவரிடம் சதுர அடிக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். விற்பனைக்கு இருக்கும் நல்ல நிலையிலுள்ள வீடுகள் அதைவிடக் கணிசமாக மலிவு என்றால், அந்த ஊரிலிருந்து ஜனம் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஜப்பானில் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள், மொத்தத்தில் 13.8 சதவீதம், காலியாக இருந்தன. சில இடங்களில் வீடு கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கிறது. வாங்குவது எளிது, விற்கத்தான் ஆள் இருக்காது.

இன்னும் மூன்று சோதனைகள்: உள்ளூர்ப் பள்ளியின் முதல் வகுப்பில் ஐந்தாண்டுகளாகச் சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா, கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் கடைகள் எத்தனை, விற்பனைப் பலகை மாட்டிய வீடுகள் எத்தனை மாதமாக அப்படியே நிற்கின்றன. தேயும் ஊரில் வாடகைக்கு இருப்பதில் தவறில்லை. சொத்து வாங்குவதுதான் தவறு.

வரைபடம் காட்டும் பயண நேரத்தை நம்புவது

ஞாயிறு மதியம் பார்த்த 25 நிமிடம், திங்கள் காலையில் 40 ஆகும். இருவருக்கும் தினம் போக 40, வர 40 நிமிடம் என்றால், மாதம் 22 வேலைநாளில் இருவருக்கும் சேர்த்து 58 மணி நேரத்துக்கு மேல் சாலையில் போகிறது. புறப்பட வேண்டிய அதே நேரத்தில், இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். பஸ்ஸோ ரயிலோ என்றால் முதல் வண்டி முக்கியமில்லை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

"ஆஸ்பத்திரி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வது

கட்டடம் இருப்பது பெரிய விஷயமில்லை. இளம் தம்பதி கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பிரசவப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறதா? நள்ளிரவில் சிசேரியன் செய்ய மயக்க மருத்துவர் அங்கேயே இருப்பாரா, வீட்டிலிருந்து அழைக்கப்படுவாரா? இரத்தம் கையிருப்பில் இருக்குமா? பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடும். குறைமாதக் குழந்தைக்கு, அதிலும் 32 வாரத்துக்கு முன் பிறந்தால், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும். பிறப்புகள் குறைவாக உள்ள ஊரில் இந்தப் பிரிவை நடத்தக் கட்டுப்படியாகாது. ஆகவே அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் எவ்வளவு நேரம் என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர் யாராவது கூட வருவதாக இருந்தால் சிடி ஸ்கேன் எங்கே என்றும் கேளுங்கள். பக்கவாதத்தில் மூளை இரத்தக்குழாயை அடைத்த இரத்த உறைவைக் கரைக்கும் மருந்து கொடுப்பதற்குமுன் ஸ்கேன் பார்த்தாக வேண்டும்; அறிகுறி தொடங்கியதிலிருந்து அதற்குப் பொதுவாகக் கிடைக்கும் அவகாசம் நான்கரை மணி நேரம்.

குழந்தைக் காப்பகம் இருந்தால் மட்டும் போதாது. காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம், மாலை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டு, பயண நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைய வேகத்தை ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுவது

ஊருக்கு வந்த இணைப்பு அந்தத் தெருவுக்கு வந்திருக்காது. வீட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் இரவு எட்டு மணிக்கு மேல் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் வருவது பதிவிறக்க வேகம், வீடியோ கூட்டத்தில் உங்கள் முகத்தை அனுப்புவது பதிவேற்ற வேகம். நல்ல தரத்தில் ஒருவருக்கு நொடிக்கு 3 முதல் 4 மெகாபிட் தேவைப்படும். இருவரும் ஒரே நேரத்தில் பேச, பதிவேற்றம் 10க்குக் குறையாமல் நிலையாக இருக்கட்டும்.

செயற்கைக்கோள் இணைப்பு என்றால் எந்த வகை என்று கேளுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது; சிக்னல் போய்வரவே அரை நொடி ஆகிவிடும். பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் சுற்றுபவற்றில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு.

நல்ல பருவத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பது

ஊரின் மிக மோசமான பருவத்தில், ஒரு வேலைநாளில், இரவு தங்கிப் பாருங்கள்.

வந்ததும் வீடு வாங்குவது

வேண்டாம். பன்னிரண்டு மாதம் வாடகைக்கு இருங்கள்.

திரும்பும் வழியை அடைத்துவிடுவது

புறப்படும் முன்பே இருவரும் உட்கார்ந்து ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாமவருக்கு எத்தனை மாதத்துக்குள், எந்தச் சம்பளத்துக்கு மேல் வேலை கிடைக்காவிட்டால் ஊரை மறுபரிசீலனை செய்வது என்று. எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். சாமான் ஏற்றித் திரும்பும் செலவும், நகரத்தில் முன்பணமும், மூன்று மாத வாடகையும் தனிக் கணக்கில் கிடக்கட்டும். ஓராண்டு முடியும்வரை சோபா வாங்கவோ வீட்டை அலங்கரிக்கவோ அதில் கை வைக்காதீர்கள்.