ஹாம் ரேடியோவுக்கு பவர் சப்ளை: வாங்கும் முன்னும் பூட்டும் முன்னும் பார்க்க வேண்டியவை

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு) செற்றின் கையேட்டில் மின் விவரங்கள் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். இரண்டு இலக்கங்கள் தேவை: எத்தனை வோல்ட், அனுப்பும்போது எத்தனை அம்பியர். 100 வற் எச்எஃப் (நெடுந்தூரம் போகும் சிற்றலை) செற்றுகளில் பெரும்பாலும் 13.8 வோல்ட், 15 சதவீதம் கூடக்குறைய என்றிருக்கும்; அதாவது 11.7 முதல் 15.8 வரை. கேட்டுக்கொண்டிருக்கும்போது 1 அல்லது 2 அம்பியர்தான் எடுக்கும். மைக் பொத்தானை அமர்த்திக் கதைத்தால் 20 முதல் 23 வரை ஏறும். 50 வற் விஎச்எஃப் (கிட்டத்துத் தொடர்புக்கானது) மொபைல் செற்றுக்கு 10 முதல் 13 அம்பியர்.

கதைக்கிற அந்த நேரத்தில் செற்றின் வாலில் (மின் வயர் செருகும் இடத்தில்) எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதை வைத்தே பவர் சப்ளையை, அதாவது சுவர் மின்சாரத்தை 13.8 வோல்ட் டிசியாக மாற்றும் பெட்டியை, எடைபோட வேண்டும். கீழே வரும் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: அம்பியரைத் தீர்மானித்தல்

செற் 22 அம்பியர் கேட்டால் 30 அம்பியர் சப்ளை வாங்குங்கள். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 30 பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது 25 என்று கீழே சின்னதாகப் போட்டிருக்கும். அந்தச் சின்ன இலக்கத்தை நம்புங்கள். எஸ்எஸ்பி என்ற எச்எஃப் குரல் முறையில் குரலோடு சேர்ந்து கரண்டும் ஏறி இறங்குவதால் சப்ளைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். எஃப்எம், எஃப்டி8 (கம்பியூட்டர் வழியாகச் சிறு செய்தி அனுப்பும் முறை) அப்படியல்ல. எஃப்டி8 இல் 15 செக்கன் சுற்றில் 12.6 செக்கன் முழு வலுவோடு போகும். அதில் அதிகம் இருக்கப் போகிறீர்கள் என்றால் 30 முதல் 50 வற்றுக்கு இறக்கிப் பாவியுங்கள். செற்றுக்கும் அது நல்லது.

படி 2: டிரான்ஸ்போமரா, சுவிச்சிங்கா

டிரான்ஸ்போமர் உள்ள பழைய வகை 10 கிலோ வரை கனக்கும், நன்றாகச் சுடும், ஆனால் ரேடியோ இரைச்சல் தராது. அதன் பலவீனம் நமது பக்கத்தில், இலங்கையின் கிழக்குக் கரையில், முக்கியமானது. லைனின் கடைசி முனையில் உள்ள ஊர்களில் மாலையில் 230 வோல்ட் 190க்கு இறங்கினால், அது 13.8ஐப் பிடித்து வைக்க முடியாமல் போகும். உங்கள் குரலோடு 'ம்ம்ம்' என்ற ஓசையும் சேர்ந்து போகும். சுவிச்சிங் வகை 2 கிலோ அளவுதான். பலவும் 180 வோல்ட்டிலும் தடுமாறாது. புதியவருக்கு ரேடியோவுக்கென்றே செய்த சுவிச்சிங் சப்ளையைத்தான் சிபாரிசு செய்வோம். மிகைவோல்ட் பாதுகாப்பு (வோல்ட் அளவுமீறினால் வெளியீட்டைத் தானே நிறுத்துவது) இருப்பது கட்டாயம். பழைய டிரான்ஸ்போமர் வகை ஒன்றை வாங்கினாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். உள்ளே ட்ரான்சிஸ்டர் ஷோர்ட் ஆனால் 20 வோல்ட்டுக்கு மேல் நேரே செற்றுக்குள் போகும்.

கம்பியூட்டரின் பவர் சப்ளையை விட்டுவிடுங்கள். அது 12 வோல்ட், வயரில் இழந்தபின் 11.5 தான் மிஞ்சும். சிசிரிவி, எல்ஈடி பலகைகளுக்கு வரும் ஓட்டை போட்ட தகரப் பெட்டி மலிவு, ஆனால் இரைச்சல் வடிகட்டி அதில் பெயருக்குத்தான் இருக்கும். அதையேதான் வாங்குவதென்றால், பக்கவாட்டு ஓட்டைக்குள் ஒரு சின்னச் சிவப்பு சுவிச் தெரியும். அது 115 இல் இருந்தால் 230க்குத் தள்ளாமல் பிளக்கைப் போடாதீர்கள். அப்படியே போட்டால் உள்ளே கொண்டென்சர் வெடிக்கும்.

கல்லடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, திருக்கோவில் என்று கடலோர வீடானால் காற்றாடி உப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சூடானால் மட்டும் சுற்றும் காற்றாடி உள்ளதாகத் தெரிவு செய்யுங்கள். தூசியை வெளியிலிருந்து தூரிகையால் தட்டுங்கள். மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 320 வோல்ட் அளவு தேங்கி நிற்கும்.

படி 3: சுவர்ப் பக்கம்

மூன்று முள் பிளக், எர்த் உள்ள பொயின்ட். இரண்டு முள் அடப்டரில் செருகினால் எர்த் அறுந்து, செற்றின் தகரத்தைத் தொடும்போது சுள்ளென்று அடிக்கும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி கேட்கத் தொடங்கினால் பிளக்கையும் அன்டெனாவையும் கழற்றி விடுங்கள். சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது.

படி 4: வயர்

பலர் தவறவிடும் இடம் இதுதான். 3 மீற்றர் தூரம் என்றால் போய்வர 6 மீற்றர் செம்பு. அதில் 22 அம்பியர் ஓடும்போது:

2.5 சதுர மில்லிமீற்றர்: ஏறக்குறைய 1 வோல்ட் இழப்பு
4 சதுர மில்லிமீற்றர்: 0.6
6 சதுர மில்லிமீற்றர்: 0.4

6ஐ எடுங்கள், தூரத்தை 1.5 மீற்றருக்குக் குறையுங்கள், இழப்பு 0.2 தான். செற்றோடு வரும் வயரில் உள்ள பியூஸ்களை வெட்டி எறிய வேண்டாம். முனைகளுக்கு வளையம் அழுத்திப் பூட்டுங்கள். கடலோரத்தில் அவை பச்சை பிடிக்கும்; பச்சை ஏறிய முனை சூடாகும், வோல்ட் இறங்கும்.

படி 5: செற் இல்லாமல் சோதித்தல்

புதுச் சப்ளையை நேரே செற்றில் பூட்டாதீர்கள். முதலில் வெறுமனே போட்டு மல்டிமீற்றரில் 13.8 வருகிறதா பாருங்கள். பிறகு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் 60/55 வற் எச்4 முன்விளக்கு பல்ப் நான்கு வாங்கி, ஒவ்வொன்றிலும் 55 வற் இழையை மட்டும் பக்கம் பக்கமாக (பரலலாக) இணையுங்கள். ஒரு பல்புக்கு 5 அம்பியர் அளவில், நான்கும் 20ஐ நெருங்கும். கண்ணாடி கடுமையாகச் சுடும், செங்கல்லின் மேல் வையுங்கள். நான்கையும் ஒரேயடியாகப் போடாமல் ஒன்றொன்றாகப் போடுங்கள்: குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், நல்ல சப்ளையும் பயந்து அணைந்துவிடும். பத்து நிமிடம் எரிந்தபின் சப்ளையின் வெளியீட்டு முனையில் 13.6க்குக் கீழே போயிருந்தால் திருப்பிக் கொடுங்கள். வயரின் மறுமுனையையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படி 4 கணக்கோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் கூடினால் ஏதோ ஒரு இணைப்பு தளர்வு.

படி 6: இரைச்சல்

அன்டெனாவோடு செற்றை பற்றரியில் ஓடவிட்டு 7.1 மெகாஹேர்ட்ஸில் கேளுங்கள். இப்போது சப்ளையை பல்புகளோடு மட்டும் போடுங்கள். எஸ் மீற்றர் (சிக்னல் பலத்தைக் காட்டும் அளவி) எழுந்தால், டயலைச் சுற்றும்போது ஒழுங்கான இடைவெளியில் உறுமல் வந்து போனால், குற்றவாளி சப்ளைதான். 31 என்ற கலவையில் செய்த பெரிய ஃபெரைட் வளையத்தில் சுவர் வயரை 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். செற்றுக்குப் போகும் டிசி வயருக்கு இன்னொரு வளையம்.

படி 7: கரண்ட் போனால்

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. எல்லா லைனும் அறுந்த நேரத்தில்தான் ஹாமைத் தேடுவார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அதையே அளவாக எடுப்போம். எஸ்எஸ்பியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கதைத்தால் சராசரி 3 அம்பியர், 13 மணித்தியாலத்துக்கு 39 அம்பியர்-மணி. ஈய பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம், எனவே 80 முதல் 100. லித்தியம் அயன் பொஸ்பேற் (LiFePO4) பற்றரி என்றால் 50 போதும், கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். ஈய பற்றரி 20 அம்பியரில் 12க்குக் கீழே விழும். குரல் உடையும், சில செற்றுகள் அணைந்தே போகும்.

தீர்ந்த பற்றரியை 13.8 சப்ளையோடு நேரே இணைக்காதீர்கள், முழு 30 அம்பியரையும் விழுங்கப் பார்க்கும். பற்றரிக்கு அதன் வகைக்கேற்ற சார்ஜர் தனியாக இருக்கட்டும். சப்ளை, பற்றரி இரண்டின் வயரிலும் ஒரே மாதிரியான அண்டர்சன் பவர்போல் முனை போட்டால், கரண்ட் போனதும் இருட்டில் தடவியே மாற்றிச் செருகலாம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். ஷோர்ட் ஆனால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரைக் கொட்டும். அந்த பியூஸுக்கும் பற்றரிக்கும் இடையில் உள்ள வயரைக் காப்பாற்ற எதுவும் இல்லை, அதனால்தான் அந்தத் துண்டு குட்டையாக இருக்க வேண்டும்.