கட்டைவிரல் தந்திமேல் ஏறும்போது: டபுள் பாஸில் மேல் ஸ்தாயிக்குப் பழகும் முறை

வயலின் வடிவத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பாஸைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுவார்கள். வாத்தியத்தின் கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடம் அது. அதுவரை கழுத்துக்குப் பின்னாலிருந்து கையைத் தாங்கிவந்த கட்டைவிரலுக்கு அதற்கு மேல் பிடிமானம் கிடையாது. அதை வெளியே எடுத்துத் தந்திமேலேயே படுக்க வைக்க வேண்டும். தம்ப் பொசிஷன் என்பது இதுதான். செல்லோ வாசிப்பவர்களுக்கும் இது உண்டு. நம் தந்தி தடிமன், நீளம் அதிகம் என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை தேவை.

நான் சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் சில பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் வில்லைத் தொடவே விடுவதில்லை. நான்கு தந்திகளில் மிக மெல்லியதான ஜி தந்தியின் நடுப்புள்ளியைக் காதால் கண்டுபிடிக்கச் சொல்வேன். என் பாஸில் நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் தந்தி தொடங்கும் மேடு) பிரிட்ஜ் வரை (உடல்மேல் தந்தியைத் தாங்கும் மரத்துண்டு) 105 செ.மீ., அதாவது பாதி 52.5 செ.மீ. ஆனால் அளவுகோல் வேண்டாம். இடது கை விரலால் தந்தியைப் பூப்போலத் தொட்டு வலது கையால் மீட்டினால், சரியான இடத்தில் மேல் ஜி மணி மாதிரி ஒலிக்கும். அரை செ.மீ. தள்ளிப்போனாலும் மங்கிவிடும். சிலர் அங்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தந்தியே அடையாளம் காட்டும்போது கண்ணை எதற்குப் பழக்க வேண்டும்?

இனி கட்டைவிரல். அதன் நுனியையோ உள்சதையையோ வைக்கக் கூடாது, நகத்தை ஒட்டிய பக்கவாட்டு ஓரம்தான் படவேண்டும். விரலை ஜி, டி இரண்டு தந்திகளுக்கும் குறுக்கே கிடத்துங்கள். நகத்தின் ஓரம் டி தந்தியிலும், மேல் மூட்டு ஜி தந்தியிலும் வரும். கிட்டாரில் தந்திகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கக் கேப்போ என்ற கவ்வியை மாட்டுவார்களே, அந்த வேலையைத்தான் இப்போது கட்டைவிரல் செய்கிறது. மற்ற விரல்கள் வாசிக்கும்போதும் அது தந்தியைவிட்டு எழக்கூடாது.

இங்கேதான் எல்லோரும் நசுக்க ஆரம்பிக்கிறார்கள். நானும் நசுக்கினேன். கற்ற காலத்தில் எனக்கு வழிகாட்டியவர் “இன்னும் அழுத்து” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் ஒரு மணி நேரம் அழுத்தினேன். இரண்டாவது வாரம் நகத்தின் ஓரம் கொப்பளித்து வெடித்தது. பத்து நாள் வாத்தியத்தைத் தொட முடியவில்லை. பின்புறம் எதிர்த்து நிற்க விரல் இல்லாத இடத்தில் அழுத்தம் உள்ளங்கையிலிருந்து வர முடியாது, கையின் எடையிலிருந்துதான் வரவேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அதைப் பிள்ளைகளுக்கு இப்படிக் காட்டுகிறேன். முழங்கையைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே தூக்கி, முன்கை பாஸின் தோளுக்கு மேலாக முன்னே வரட்டும். பாஸின்மேல் மார்பைச் சாய்க்காமல் நில்லுங்கள். கட்டைவிரலைத் தந்தியில் வைத்ததும், ஈரத் துண்டைக் கொடியில் போட்டால் தொங்குமே, அப்படிக் கையைத் தொங்கவிடுங்கள். நான் பக்கத்தில் நின்று அந்த முழங்கையை ஒரு விரலால் மேலே தள்ளிப் பார்ப்பேன். எடை என் விரலுக்கு வந்தால் கை தளர்ந்திருக்கிறது. விறைப்பாக நின்றால் தோளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

சரி, ஸ்வரங்களுக்கு வருவோம். ஜி-யை ச என்று வைத்துக்கொள்ளுங்கள். டி தந்தியில் கட்டைவிரல் ப, ஆள்காட்டி விரல் த, நடுவிரல் நி. ஜி தந்தியில் கட்டைவிரல் ச, ஆள்காட்டி ரி, நடுவிரல் க, மோதிர விரல் ம. கையை நகர்த்தாமலே சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் வந்துவிட்டது! நட்டின் பக்கத்தில் இதே ஏழுக்குக் கை இடம் மாற வேண்டியிருக்கும். சுண்டுவிரலுக்கு இங்கே பொதுவாக வேலையில்லை. அது சுருங்கி உள்ளே ஒளியாமல் இயல்பாக நிற்கட்டும்.

இடைவெளியை ஒருமுறை அளந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ச-வுக்கும் ரி-க்கும் நடுவே சுமார் 5.7 செ.மீ., ரி-க்கும் க-வுக்கும் சுமார் 5, க-வுக்கும் ம-வுக்கும் இரண்டரை செ.மீ.கூட இல்லை. நட்டின் பக்கத்தில் ஒரு அரை ஸ்வரத்துக்கே கிட்டத்தட்ட 6 செ.மீ. விரிக்க வேண்டும். அங்கே பழகிய கை இங்கே வந்ததும் மோதிர விரலைத் தூரமாகப் போடும், ம ஏறிப் பேசும். அதனால் ம-வை நடுவிரலோடு ஒட்டியே வையுங்கள்.

சுருதியைச் சரிபார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். டி தந்தியில் மோதிர விரலை வைத்தால் வருவதும் ஜி தந்தியில் கட்டைவிரல் வாசிப்பதும் ஒரே ச. இரண்டையும் ஒன்றாக வில்லால் இழுங்கள். அலைபோல ஒரு துடிப்பு கேட்டால் மோதிர விரலை நகர்த்துங்கள், துடிப்பு அடங்கும். இன்னொன்று, ஜி தந்தியின் ரி, அதாவது ஏ, சுத்தமாக விழுந்தால், யாரும் தொடாத ஏ தந்தி தானாக அதிரும். வில்லை எடுத்த பிறகும் அந்த அதிர்வு கொஞ்சம் தங்கி நிற்கும். முதல் தடவை அதைக் கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் சொல்லிக்கொடுக்கலாம்.

வில்லைக் கழுத்துப் பக்கம் வைத்து வாசித்தால் ஒலி அமுங்கும். தந்தி பாதியாகக் குறுகிவிட்டதால் வில்லும் பிரிட்ஜ் பக்கம் இறங்க வேண்டும்.

கீழிருந்து மேலே வருவதுதான் கடைசிவரை உழைப்பு கேட்பது. ஜி தந்தியில் டி-யை ஆள்காட்டி விரலால் வாசியுங்கள். முதலில் முழங்கை எழட்டும், அதோடு கட்டைவிரல் கழுத்தின் பின்னாலிருந்து வெளியே வரட்டும், அப்புறம்தான் கை நகர வேண்டும். கட்டைவிரல் மேல் ஜி-யில் இறங்கியதும் அழுத்தாமல், ஹார்மோனிக்காக, அதாவது முதல் நாள் தந்தியைத் தொட்டுக் கேட்ட அந்த மணி ஒலியாக மட்டும் ஒலிக்க விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை செய்யுங்கள். பத்தில் ஏழு முறை மணி மாதிரி ஒலித்த பிறகு எடையைப் போட்டு வாசிக்கலாம்.

முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், காலை ஐந்து, மாலை ஐந்து என்று பிரித்தால் இன்னும் நல்லது. தோல் சிவந்தால் நிறுத்துங்கள், சில வாரத்தில் தானாகக் காய்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தில் ஊதித் தந்தி ஃபிங்கர்போர்டிலிருந்து (விரல் அழுத்தும் பலகை) மேலே எழும்பும். அந்த நாட்களில் கட்டைவிரல் வழக்கத்தைவிட வலித்தால் உங்கள்மேல் குற்றமில்லை. பிரிட்ஜில் திருகு இருந்தால் கொஞ்சம் இறக்குங்கள், இல்லையென்றால் வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

இந்த இடம் வசமானதும் கட்டைவிரலை நட்டிலிருந்து தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்துக்கு இறக்குங்கள். அங்கேயும் ஒரு ஹார்மோனிக் காத்திருக்கும், அதுதான் மேல் ப. இத்தாலிய பாஸ் கலைஞர் போட்டெசினி போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பாஸைப் பாட வைத்தது இந்த உயரங்களில்தான். அங்கே முழு ஸ்வரத்துக்கு 4 செ.மீ.க்கும் குறைவு, அதனால் விரல்களை இன்னும் நெருக்கிப் போடுங்கள்.